ரூட் கேனால்: எப்போது ஸ்பெஷலிஸ்டிடம் போக வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மேற்கு மாம்பலத்தில் சிறிய கிளினிக் வைத்திருக்கும் பொது பல் மருத்துவர். பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். படித்தவள். ரூட் கேனாலும் செய்கிறேன். ஆனால் எல்லாப் பல்லையும் நானே செய்வதில்லை. சிலவற்றை எக்ஸ்ரேயில் பார்த்ததுமே ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்டான எண்டோடான்டிஸ்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். "ஏன் டாக்டர், நீங்களே பண்ணக் கூடாதா?" என்று நாற்காலியில் சாய்ந்தபடி கேட்பவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ரூட் கேனால் என்றால் என்னதான் செய்கிறீர்கள்?

பல்லில் கல் மாதிரி கெட்டியாக இருப்பது மேல் ஓடு மட்டும்தான். நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த மென்மையான சதை இருக்கிறது. பற்கூழ் என்று புத்தகத்தில் போடுவோம். பேச்சில் 'நரம்பு' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அது வேருக்குள் மெல்லிய கால்வாய்களாக இறங்கி, நுனியில் எலும்போடு சேர்கிறது. சொத்தை ஆழமாகி அந்தச் சதையைத் தொட்டதும் அது வீங்கும். சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. பல்வலி உயிரை எடுப்பதற்கு அதுதான் காரணம்.

ரூட் கேனாலில் அந்தச் சதையை எடுத்துவிட்டு, கால்வாய்களை நுனிவரை சுத்தம் செய்து, மருந்துத் திரவத்தால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைக்கிறோம். முதலில் உள்ளே விடும் ஃபைல் என்ற மெல்லிய கம்பியின் நுனி 0.10 மில்லிமீட்டர். அந்த அளவுள்ள கம்பியை வளைந்த வேருக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் உணர்வை நம்பி இறக்குகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கால்வாயைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால் கிருமி அதற்குள்ளேயே குடியிருக்கும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் இரண்டு வருடம் கழித்து அந்தப் பல் மறுபடி சீழ் பிடிக்கும்.

கிளினிக் போர்டில் எம்.டி.எஸ். என்று இருந்தால் ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்ட் என்று அர்த்தமா?

இல்லை. நம் ஊரில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். எம்.டி.எஸ். என்பது பி.டி.எஸ்.ஸுக்குப் பிறகு 3 வருடம் படிக்கும் மேற்படிப்பு. அதில் பல பிரிவுகள் உண்டு. பல்லுக்குக் கம்பி கட்டுவது ஒரு பிரிவு, ஈறு ஒரு பிரிவு, தாடை அறுவை ஒரு பிரிவு, செயற்கைப் பல் ஒரு பிரிவு, குழந்தைப் பல் ஒரு பிரிவு. ரூட் கேனாலுக்கானது 'கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி அண்ட் எண்டோடான்டிக்ஸ்'. அந்தப் பிரிவில் முடித்தவர்தான் எண்டோடான்டிஸ்ட்.

ஆகவே "நீங்க எம்.டி.எஸ்.ஸா?" என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். "எந்தப் பிரிவில் எம்.டி.எஸ். டாக்டர்?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. என்னிடம் யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் குடும்ப டாக்டரே இத்தனை வருடமாகப் பார்க்கிறார். அவரிடமே செய்துகொள்ளக் கூடாதா?

தாராளமாகச் செய்துகொள்ளலாம். ரூட் கேனால் செய்ய பி.டி.எஸ். டாக்டருக்குப் படிப்பும் உண்டு, அனுமதியும் உண்டு. நேரான ஒற்றை வேர் உள்ள முன்பல்லையும், எக்ஸ்ரேயில் கால்வாய் தெளிவாகத் தெரிகிற பல்லையும் அனுபவமுள்ள பொது மருத்துவர் நன்றாகவே செய்வார்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. பல்லைத் திறப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "இந்தப் பல்லை நீங்களே செய்வீர்களா, இல்லை ஸ்பெஷலிஸ்டுக்கு அனுப்ப வேண்டிய பல்லா?" திறந்து, மூன்று தடவை போய் வந்து, அப்புறம் "இது கஷ்டமான கேஸ்" என்று கேட்பதைவிட முதல் நாளே கேட்பது மேல். ஏனென்றால் முதல் முயற்சியில்தான் பல்லைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். இரண்டாம் முறை போகிறவர், முதலாமவர் வைத்த அடைப்பையும் உண்டாக்கிய வழியையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"இது எனக்கு மேல், அவரிடம் போங்கள்" என்று சொல்லும் டாக்டரைத் திறமை இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பல் மேல் அக்கறை உள்ளவர்தான் அப்படிச் சொல்வார்.

எந்தெந்தப் பல்லுக்கு முதலிலேயே ஸ்பெஷலிஸ்ட் வேண்டும்?

என் கிளினிக்கில் நான் அனுப்புகிறவற்றை அப்படியே சொல்கிறேன்.

முதலாவது, மேல் கடைவாய்ப்பல். அதிலும் ஆறு வயதில் முளைக்கிற முதல் கடைவாய்ப்பல். எக்ஸ்ரேயில் மூன்று வேர் தெரியும், மூன்று கால்வாய் என்று தோன்றும். ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பெரும்பாலும் இன்னொரு கால்வாய் ஒளிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன் நான் அனுப்பிய ஒரு பல்லை எண்டோடான்டிஸ்ட் மைக்ராஸ்கோப் வழியாக எனக்குக் காட்டினார். வெறும் கண்ணால் பார்த்தபோது மஞ்சளாக ஒரு தரை, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தத் தரையில் ஒரு மெல்லிய கோடு, கோட்டின் முனையில் கடுகைவிடச் சிறிய ஒரு புள்ளி. அதில் ஃபைலை வைத்து மெதுவாகத் திருகினார், இறங்கியது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதற்கு முன் நான் செய்த மேல் கடைவாய்ப்பற்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேல் கடைவாய்ப்பல் என்றால் மைக்ராஸ்கோப் உள்ள இடம் என்று முடிவெடுத்தது அன்றிலிருந்துதான்.

அடுத்தது வளைந்த வேர். எக்ஸ்ரேயில் கொக்கி மாதிரி திரும்பியிருந்தால் அனுப்பிவிடுவேன். கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் சிலருக்குக் கால்வாய்கள் தனித்தனியாக இல்லாமல் அரைவட்டப் பிளவாக ஓடும், அதுவும் அப்படித்தான்.

வயதானவர்களின் பல்லில் கால்வாய் சுண்ணாம்பு படிந்து சுருங்கிப் போயிருக்கும். எக்ஸ்ரேயில் வேருக்குள் கோடே தெரியாது. சின்ன வயதில் கீழே விழுந்து அடிபட்ட முன்பல்லிலும் இப்படி ஆகும். இல்லாத வழியைத் தேடித் துளைத்தால் வேரே ஓட்டையாகிவிடும் என்பதால் இவையும் ஸ்பெஷலிஸ்டின் வேலை.

இவை தவிர: ஏற்கனவே கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட்ட பல், இல்லாத பல்லுக்காகப் பாலம் (பிரிட்ஜ்) கட்டிய பல், விரிசல் விட்டதோ என்ற சந்தேகமுள்ள பல், வாய் அதிகம் திறக்க முடியாதவரின் பின்பல், மரத்துப்போகும் ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகாதவரின் பல்.

வலி எப்படி இருந்தால் ரூட் கேனால் தேவை என்று தெரிந்துகொள்வது?

ஐஸ்கிரீம் பட்டதும் சுரீர் என்று கூசி, விழுங்கியதும் போய்விட்டால் பெரும்பாலும் ஃபில்லிங்கிலோ, கூச்சத்துக்கான பேஸ்டிலோ சரியாகிவிடும். சில்லென்று பட்டபின் அரை நிமிடத்துக்கு மேல் வலி நின்று குடைந்தால் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. சூடான காபி பட்டால் துடிப்பது, ராத்திரி படுத்ததும் வலி ஏறித் தூக்கத்தில் எழுப்புவது, எதுவும் செய்யாமலே தானாக வலிப்பது, இவையெல்லாம் அந்த வகைதான்.

ஒரு அம்மா வந்தார்கள், அறுபதைத் தாண்டியவர். கையில் எவர்சில்வர் சொம்பு, அதில் ஐஸ் தண்ணீர். ஒரு வாய் வைத்துக்கொள்வார், கன்னத்தில் ஒதுக்குவார், இரண்டு நிமிடம் முகம் தெளியும். பிறகு மறுபடி கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய். தாம்பரத்திலிருந்து ரயிலில் அப்படியே வந்திருக்கிறார். சில்லென்ற தண்ணீர் வலியைத் தணிக்கிறது என்றால் உள்ளே நரம்பு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவருக்கு அன்றைக்கே பல்லைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்து அனுப்பினேன். போகும்போது சொம்பை என் மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயங்கரமாக வலித்த பல் திடீரென்று அடங்கிவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நரம்பு செத்துவிட்டது, அவ்வளவுதான். கிருமி சத்தமில்லாமல் எலும்புப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஈறில் பரு மாதிரி கிளம்பி, உடைந்து, மறுபடி கிளம்புவது அதன் அடையாளம்.

எந்தப் பல் வலிக்கிறது என்றே சொல்ல முடியவில்லை. மேலா கீழா என்றும் தெரியவில்லை.

இது அடிக்கடி நடப்பதுதான். நரம்பு மட்டும் கெட்டிருக்கும் கட்டத்தில் மேல் பல் வலி கீழே தெரியும், கீழ்ப்பல் வலி காதில் தெரியும். குளிர்ச்சி வைத்தும், தட்டிப் பார்த்தும், கடிக்கச் சொல்லியும் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகும் நிச்சயமாகத் தெரியாவிட்டால் யாரும் எந்தப் பல்லையும் திறக்கக் கூடாது. நீங்களும் "ஏதாவது ஒன்றைப் பிடுங்கி விடுங்க டாக்டர்" என்று கெஞ்சாதீர்கள். இதுவும் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வேண்டிய நேரம்.

பல்லே காரணமாக இல்லாமலும் போகலாம். சளி பிடித்துச் சைனஸ் அடைத்தால் மேல் கடைவாய்ப்பற்கள் எல்லாம் சேர்ந்து வலிக்கும், குனிந்தால் கூடும். முகத்தில் தொட்டதும் மின்சாரம் பாய்ந்த மாதிரி நொடி நேரம் அடித்துவிட்டுப் போகும் வலி முக நரம்பு சம்பந்தப்பட்டது. நடந்தாலோ படி ஏறினாலோ இடது தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது இதயமாக இருக்கலாம். அப்போது பல் டாக்டரைத் தேடி அலையாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் வலி போய்விட்டதே?

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது சென்னையில் எந்தத் தெருவிலும் நடக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது. செத்த நரம்பு இருக்கும் கால்வாய்க்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை ரத்தத்தோடுதானே போகும்? அங்கே எப்படிப் போய்ச் சேரும்? சுற்றி உள்ள வீக்கத்தைச் சிறிது அடக்கும், மூலகாரணம் அப்படியே இருக்கும். நரம்பு உயிரோடு வீங்கியிருக்கும் கட்டத்தில் அந்த வலிக்கு ஆன்டிபயாடிக் உதவுவதே இல்லை. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் டாக்டர் எழுதித் தருவார். அதுவும் சிகிச்சையோடு சேர்த்துத்தான்.

வலிக்கிற பல்லோரம் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்காதீர்கள். ஈறு வெந்து வெள்ளையாக உரியும்.

எது நிஜமான அவசரம்?

முகம் வீங்கிக் கண் மூடுகிறது, தாடைக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் இறங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு திணறுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது அவசரப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள். பல் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை அடைக்கும். நள்ளிரவாக இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நாலு வருடம் முன்பு ரூட் கேனால் செய்த பல் மறுபடி வலிக்கிறது. பிடுங்கத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஆனால் இது முழுக்க முழுக்க எண்டோடான்டிஸ்டின் வேலை. பழைய அடைப்பை எடுத்து, விட்டுப்போன கால்வாயைத் தேடி, மறுபடி சுத்தம் செய்து அடைப்பார். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாததைப் பார்க்க சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அதுவும் சரிப்படாவிட்டால் ஈறைத் திறந்து வேர் நுனியை மட்டும் வெட்டி அடைக்கும் சிறு அறுவை இருக்கிறது. வேர் நெடுக்கில் பிளந்துவிட்டிருந்தால் மட்டும் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை.

"ஃபைல் உள்ளே ஒடிந்துவிட்டது" என்று டாக்டர் சொன்னார். பயமாக இருக்கிறது.

வளைந்த கால்வாயில் மெல்லிய ஃபைல் ஒடிவது கவனமாகச் செய்பவர்களுக்கும் நேரும். எனக்கும் ஒரு முறை நேர்ந்தது. அன்றைக்கே நோயாளியிடம் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லி, ஸ்பெஷலிஸ்டிடம் நானே பேசி அனுப்பினேன். ஒடிந்த துண்டால் உடம்புக்கு விஷம் ஏறிவிடாது. அதற்குக் கீழே கிருமி மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்பெஷலிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் எடுக்கப் பார்ப்பார், அல்லது அதன் பக்கவாட்டில் வழி உண்டாக்குவார். சில நேரம் துண்டை அங்கேயே விட்டு அடைத்துவிட்டுக் கண்காணிப்பார். உங்களிடம் மறைக்காமல் சொன்ன டாக்டரிடம் கோபப்படாதீர்கள்.

பையன் ஸ்கூலில் விழுந்து முன்பல் அடிபட்டது. யாரிடம் போவது?

பல் முழுசாகக் கழன்று வெளியே வந்துவிட்டதா? பால்பல் விழுந்தபின் முளைத்த நிலைத்த பல் என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசிவிட்டு அதே குழியில் வைத்து, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கடையில் ஒரு ஆவின் பாக்கெட் வாங்கிப் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரில் போடக் கூடாது. காகிதத்தில் சுற்றிக் காயவிடவும் கூடாது. அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. யார் அருகில் இருக்கிறாரோ அந்தப் பல் டாக்டரிடம் முதலில் போங்கள், ஸ்பெஷலிஸ்ட் பிறகு. விழுந்தது பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது.

பல் உடைந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதில் முன்பல்லின் வேர் நுனி இன்னும் மூடியிருக்காது, புனல் மாதிரி அகலமாகத் திறந்திருக்கும். அதற்குப் பெரியவர்களுக்குச் செய்கிற ரூட் கேனால் செய்யக் கூடாது. நரம்பின் நல்ல பகுதியைக் காப்பாற்றி வேரை வளரவிடும் சிகிச்சைகள் இருக்கின்றன. எண்டோடான்டிஸ்ட் அல்லது குழந்தைப் பல் நிபுணர் செய்ய வேண்டியது அது.

சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். செய்யலாமா?

செய்யலாம். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் புண் ஆற நாளாகும், அதனால் சமீபத்திய பரிசோதனைச் சீட்டைக் கொண்டு வாருங்கள். காலை டிபனும் மாத்திரையும் முடித்துவிட்டு வாருங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேர் சிகிச்சைக்குப் பொதுவாக நிறுத்தத் தேவையே இல்லை. இதய வால்வு மாற்றியவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. அவர்களுக்கு ரூட் கேனாலே பாதுகாப்பு. கர்ப்பிணிகளுக்கு நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வசதியான காலம். ஆனால் சீழ் பிடித்திருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது.

சென்னையில் எங்கே போவது? செலவு நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

சிறிய கிளினிக்குகளில் எண்டோடான்டிஸ்ட் தினமும் உட்கார்ந்திருக்க மாட்டார். கன்சல்டன்டாக வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மாலையில் வருவார். அதனால் உங்கள் பகுதி கிளினிக்கிலேயே "கன்சல்டன்ட் எந்தக் கிழமை வருவார், என் பல்லைச் செய்யப்போவது அவர்தானா?" என்று கேட்கலாம். நீங்கள் போகும் ஒவ்வொரு தடவையும் அவரே செய்வாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, முத்துசாமி சாலையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எண்டோடான்டிக்ஸ் மேற்படிப்புத் துறையே அங்கே உண்டு. போரூர், வேலப்பன்சாவடி, மதுரவாயல், உத்தண்டி பக்கங்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் பார்வையில் செய்வார்கள். பல தடவை போக வேண்டியிருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் வேலை ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்கப்படும். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போடுங்கள்.

பிடுங்கிவிட்டால் செலவு மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு: பிடுங்கிய இடத்தில் எதுவும் வைக்காவிட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும். பாலமோ, எலும்பில் திருகி வைக்கும் இம்ப்ளான்டோ வைத்தால் ரூட் கேனாலையும் கேப்பையும்விடக் கூடுதலாகவே ஆகும்.

போகும்போது என்ன கொண்டு போவது, என்ன கேட்பது?

பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாம் வேண்டும். செல்போனில் எடுத்த படம் இருந்தாலும் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டையையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் இல்லை என்பதால் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"ரப்பர் டேம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு மற்ற வாயை மூடும் ரப்பர் விரிப்பு அது. எச்சிலில் இருக்கும் கிருமி கால்வாய்க்குள் போகாது. ஃபைலோ மருந்தோ தொண்டைக்குள் போகாது. ஒழுங்கான ரூட் கேனாலுக்கு அது கட்டாயம். "எத்தனை கால்வாய் இருந்தது, முடித்தபின் எடுத்த எக்ஸ்ரே கிடைக்குமா?" என்றும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதோடு ஒப்பிட்டால்தான் எலும்பு ஆறியிருக்கிறதா என்று தெரியும்.

முடித்த பிறகு வலி இருக்குமா? ஸ்பெஷலிஸ்டிடம் செய்தபின் கேப்புக்கும் அவரிடமே போக வேண்டுமா?

இரண்டு மூன்று நாள் கடித்தால் நோகும், அது இயல்பு. நாளாக நாளாக ஏறினால், வீங்கினால் உடனே போன் செய்யுங்கள்.

கேப்பை உங்கள் குடும்ப டாக்டரே போடலாம். கேப் போடுவதைத்தான் மறந்துவிடக் கூடாது. வலி போனதும் பலர் வராமல் நின்றுவிடுகிறார்கள். தற்காலிக ஃபில்லிங் சில வாரங்களில் கசிய ஆரம்பிக்கும்; கிருமி மறுபடி இறங்கும். கடைவாய்ப்பல் என்றால் கேப் இல்லாமல் முறுக்கு கடித்து இரண்டாகப் பிளந்து, துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து நிற்பவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். ரூட் கேனால் முடிந்த அன்றைக்கே கேப்புக்குத் தேதி வாங்கிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.